ஏரித் தண்ணீரால் குளிரும் படகு எஞ்சினைக் குளிர்காலத்துக்கு முன் வடிப்பது பற்றி

ஒக்டோபர் 6, 2023 (கேள்வி)

"அண்ணா, இந்த ஆண்டுதான் முதற் படகு வாங்கினேன். 19 அடி, 4.3 லீற்றர் வி6 மெர்க்ரூசர் எஞ்சின், ஆல்ஃபா ஒன் டிரைவ் (படகின் பின்னால் தண்ணீருக்குள் இறங்கி நின்று உந்தும் பகுதி). ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஓட்டுகிறேன். ரேடியேட்டர் கிடையாது, ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் எஞ்சின் குளிர்கிறது. எஞ்சினைச் சூடாக்கி, டிரைவின் தண்ணீர் வாயில் குழாயைப் பொருத்தி, இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் (எளிதில் உறையாத திரவம்) மூன்று கலன் உறிஞ்சக் கொடுத்து, புகை வெளியேறும் வழியில் அந்த நிறம் வந்தவுடன் நிறுத்தினால் போதும், வடிதுளைகளின் அடைப்பான் எதையும் கழற்றத் தேவையில்லை என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்கிறார். அது சரியா?"

ஒக்டோபர் 6, இரவு

போதாது. புகை வெளியேறும் வழியில் இளஞ்சிவப்பு வந்தால், அந்த வழியில் ஆன்டிஃபிரீஸ் இருக்கிறது என்பது மட்டுமே உறுதி. பிளாக்குக்குள், அதாவது சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினின் இரும்பு உடலுக்குள், என்ன இருக்கிறது என்பதை அந்த நிறம் காட்டாது.

காரணம் தெர்மோஸ்டாட், அதாவது வெப்பத்துக்கு ஏற்பத் தண்ணீரின் வழியைத் திறந்து மூடும் வால்வு. டிரைவுக்குள் உள்ள பம்ப் அனுப்பும் தண்ணீர் முதலில் எஞ்சினின் மேல்முனையில் தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டுக்கு வருகிறது. எஞ்சின் சூடாகாத நேரத்தில் தெர்மோஸ்டாட் மூடியிருப்பதால், பிளாக்கில் ஏற்கெனவே உள்ள தண்ணீர் அதற்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்க, புதிதாக வருவதில் பெரும்பகுதி இரு பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளின் (எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் கூடுகளின்) வழியாக நேரே வெளியே போய்விடும். சுமார் 71 பாகை செல்சியஸில்தான் தெர்மோஸ்டாட் திறக்கும். நீங்கள் எஞ்சினை நன்றாகச் சூடாக்கியே தொடங்கினாலும், குளிர்ந்த ஆன்டிஃபிரீஸ் உள்ளே வரத் தொடங்கியதும் அது மறுபடி மூடிக்கொள்ளும். மூன்று கலனும் ஓரிரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். கண்ணுக்கு நிறம் தெரிந்திருக்கும். சிலிண்டர்களைச் சுற்றி நிற்பதோ சிம்கோ ஏரியின் தண்ணீராக இருக்கும்.

உறையும்போது தண்ணீர் கனஅளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, வெடிக்கும். ஆகவே முதலில் வடியுங்கள். ஆன்டிஃபிரீஸ் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஒக்டோபர் 7

எங்கெங்கே வடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் எஞ்சினில் நான்கு அடைப்பான்கள் உண்டு. பிளாக்கின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளின் அடியில் ஒவ்வொன்று. பழைய எஞ்சின்களில் இவை பித்தளையாகவும், பின்னாளில் வந்தவற்றில் கையால் திருகக்கூடிய நீல நிறப் பிளாஸ்டிக்காகவும் இருக்கும். வலப்பக்கத்துப் பிளாக் அடைப்பான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகில் ஒளிந்திருப்பதால் அதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கழற்றும் முன் படகின் இருப்பைக் கவனியுங்கள். இழுவண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும். வடிதுளைகள் தாழ்வான இடத்தில் இருக்கும் என்று எண்ணித்தான் எஞ்சினை வடிவமைத்திருக்கிறார்கள். மூக்குத் தாழ்ந்து நிற்கும் படகில் அந்தக் கணக்குப் பொய்த்துவிடும். டிரைவை முழுவதும் கீழே இறக்கி நேராக நிற்க விடுங்கள். அதற்குள் உள்ள தண்ணீர் தானாக வடிந்துவிடும், குளிர்காலம் முழுவதும் அது அந்த நிலையிலேயே இருக்கட்டும்.

ஒக்டோபர் 9

நேற்று முன்தினம் எழுதியதைத் திருத்துகிறேன். நான்கு என்று சொன்னது தவறான மன நிம்மதியைத் தரும். இன்று என் படகை ஏரியிலிருந்து ஏற்றிவிட்டு எஞ்சினின் முன்னால் குனிந்திருந்தபோதுதான் நான் பழக்கத்தால் செய்துவிட்டு எண்ணிக்கையில் சேர்க்காத இடங்கள் எவ்வளவு என்பது தெரிந்தது. (சிம்கோ ஏரி வழியாகச் செல்லும் டிரெண்ட்-செவர்ன் நீர்வழியின் மடைகள் ஆண்டுதோறும் ஒக்டோபரில் வரும் நன்றி நவிலல் நாளோடு மூடிவிடுவதால் எனக்கு அந்த நாளே கெடு.)

முதலாவது, எஞ்சினின் முன்பக்கத்தில், பிளாக்குக்குள் தண்ணீரைச் சுழலவிடும் சுழற்சிப் பம்பின் அடியில் பொருந்தியிருக்கும் பெரிய ஹோஸ். அதன் கவ்வியைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றிக் கீழே மடக்கிப் பிடித்தால்தான் பம்பின் கூட்டில் தேங்கியிருப்பது வெளியே வரும். நான்கு அடைப்பான்களையும் கழற்றிவிட்டு இந்த ஹோஸை விட்டுவிட்டவர்கள் பம்ப் வெடித்ததைக் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஸ்டீயரிங் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு கூலர். அது பெரும்பாலும் எஞ்சினின் பின்புறம் தாழ்வாக இருக்கும். அதற்கு வரும் ஹோஸையும் ஒரு முனையில் கழற்ற வேண்டும். உங்களுடையது கார்புரேட்டர் எஞ்சினாக இருந்தால் இவ்வளவுதான். எரிபொருளை ஊசி வழியாகப் பீச்சும் வகையாக இருந்தால் எரிபொருளைக் குளிர்விக்கும் பகுதியிலும் ஏரித் தண்ணீர் ஓடக்கூடும், அதையும் பாருங்கள். சில ஊசி எஞ்சின்களில் பிளாக்கின் வடிதுளையிலேயே நாக் சென்சாரை (எஞ்சினின் தட்டல் அதிர்வை உணரும் கருவியை) திருகியிருப்பார்கள். அடைப்பானைத் தேடிக் கிடைக்காதவர்கள் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

படகில் வெந்நீர்த் தொட்டியோ, கால் கழுவும் ஷவரோ, அறையைச் சூடாக்கும் ஹீட்டரோ இருந்தால் அவற்றுக்குப் போகும் குழாய்களிலும் தண்ணீர் நிற்கும். அவை வளைந்து நெளிந்து போவதால் தானாக வடியாது. ஒரு முனையைக் கழற்றி வாயால் ஊதினால்கூடப் போதும்.

ஒக்டோபர் 10

"எஞ்சின் அறைக்குள் சிறு ஹீட்டர் ஒன்றை வைத்து மின்சாரத்தில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். 2013 டிசம்பரை நினைவூட்டுகிறேன். நத்தாருக்குச் சில நாள் முன்பு பெய்த உறைமழையில் ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. பல வீடுகளுக்கு நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. கிழக்கு ஒன்ராறியோவும் கியூபெக்கும் 1998 ஜனவரியில் இதைவிடக் கடுமையான ஒன்றைக் கண்டன. குளிர் மிகுந்து ஹீட்டர் மிகவும் தேவைப்படும் நேரமும் மின்கம்பி அறுந்து கிடக்கும் நேரமும் ஒன்றாக வரக்கூடிய நாடு இது.

அந்த டிசம்பரில் என் படகு ஒரு வாடகைக் கொட்டகையில் இருந்தது. 5.7 லீற்றர் வி8, உங்களுடையதைப் போலவே ஏரித் தண்ணீரில் குளிரும் வகை. எஞ்சின் மூடியின் கீழ் ஹீட்டர் இருந்தது. மின்சாரம் நின்றது. ஏப்ரலில் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தேன். மட்டம் குறிக்கு மேலே நின்றது. எஞ்சினை ஓடவிடாமல் எண்ணெய்த் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சிப் பார்த்தபோது முதலில் வந்தது எண்ணெய் அன்று, தண்ணீர். பிளாக்கின் உட்சுவரில், வால்வுகளை உயர்த்தும் லிஃப்டர்கள் அமர்ந்திருக்கும் பள்ளத்தில், மயிரிழை வெடிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சினில் ஒரு கீறலும் இல்லை. ஹீட்டரை நம்பாதீர்கள்.

ஒக்டோபர் 11

சுருக்கமாக ஒன்று. "பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடுகள் உறையும்போது கழன்று விழுந்து பிளாக்கைக் காப்பாற்றும்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தகடுகள் அதற்காக வைக்கப்பட்டவை அல்ல. வார்ப்பின்போது உள்ளே இருந்த மணல் அச்சை வெளியே எடுப்பதற்கு விட்ட துளைகளை அவை மூடுகின்றன. சில வேளைகளில் அவை வெளித்தள்ளப்பட்டுப் பிளாக் தப்புவதும் உண்டு, தகடு அசையாமல் இருக்கப் பிளாக் வெடிப்பதும் உண்டு. என் எஞ்சினில் ஒரு தகடுகூட அசையவில்லை.

ஒக்டோபர் 14

கலனில் அச்சிட்டிருக்கும் "−50" பற்றி. அந்த எண்ணைக் கண்டு "ஒன்ராறியோவில் அவ்வளவு குளிர் வராதே, கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் பரவாயில்லை" என்று நினைப்பது இயல்பு, நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண், தண்ணீர் கலக்காத திரவம் குழாயை வெடிக்க வைக்காத எல்லையைக் குறிக்கிறது. அது உறையத் தொடங்கும் வெப்பநிலை அன்று. அந்த இளஞ்சிவப்புத் திரவம் அதற்கு வெகு முன்பே கஞ்சியைப் போலக் குழையத் தொடங்கிவிடும். குழைந்த நிலையில் அது பெருக்க இடமிருக்கும்வரை இரும்புக்குக் கேடில்லை. ஆனால் உள்ளே சில லீற்றர் ஏரித் தண்ணீர் நின்று அதோடு கலந்துவிட்டால் கலனின் மீதுள்ள எண் உங்கள் எஞ்சினைப் பற்றிய எண்ணாக இருக்காது. திரவத்தின் காப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி கிடைக்கிறது. வாங்கும்போது அதில் இந்த இளஞ்சிவப்புத் திரவத்தில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கோலுக்கு உரிய அளவுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கார்களில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கோலின் கோட்டில் வைத்துப் படித்தால் விடை பிழையாகும்.

எத்திலீன் கிளைக்கோலை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். அது நஞ்சு, இனிப்புச் சுவையுள்ளது, நாயும் பூனையும் நக்கும். வசந்தத்தில் எஞ்சினை முதன்முதலில் ஓட்டும்போது உள்ளே இருப்பது எல்லாம் வெளியே கொட்டும். இளஞ்சிவப்புத் திரவம் நச்சுத்தன்மை குறைந்தது என்றாலும் அதையும் ஏரியில் விடாமல் கரையிலேயே தொட்டியில் பிடித்து உரிய இடத்தில் ஒப்படையுங்கள். அந்த ஏரியின் தண்ணீரைத்தான் கரையோர ஊர்கள் சில குடிக்கின்றன.

ஒக்டோபர் 15

மூன்று பேர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: வடித்த பிறகு எஞ்சினை வெறுமையாக விடுவதா, ஆன்டிஃபிரீஸால் நிரப்புவதா?

வெறுமையாக இருந்தால் உறைய ஒன்றுமில்லை. அதைவிட உறுதியான காப்பு கிடையாது. நிரப்ப வேண்டும் என்பவர்களின் வாதம் வேறு. ஈரம் காயாத வார்ப்பிரும்பு காற்றுப் பட்டு ஆறு மாதம் நின்றால் துருச் செதில்கள் எழும்பும், அவை வசந்தத்தில் கழன்று குறுகிய வழிகளை அடைக்கும். துருத்தடுப்பு கலந்த திரவத்தில் மூழ்கியிருக்கும் இரும்புக்கு அந்தக் கேடு குறைவு. இரண்டும் நியாயமே. நான் 2014 முதல் 2019 வரை வெறுமையாக விட்டேன். பிறகு, முழுவதும் வடித்து, அடைப்பான்களைத் திரும்பப் போட்டு, தெர்மோஸ்டாட் கூட்டில் உள்ள பெரிய ஹோஸ்களைக் கழற்றி அவற்றின் வழியாகக் கையால் ஊற்றி நிரப்பும் முறைக்கு மாறினேன். டிரைவின் வழியாக உறிஞ்சக் கொடுக்காமல் இப்படி மேலிருந்து ஊற்றும்போது திரவம் தெர்மோஸ்டாட்டைச் சுற்றிச் செல்ல முடியாது. பிளாக்குக்கு உரியது பிளாக்குக்கும் மேனிஃபோல்டுக்கு உரியது மேனிஃபோல்டுக்கும் போகும்.

உங்களுக்கு, தம்பி, முதல் ஆண்டில் வெறுமையாக விடுவதையே சொல்வேன். நிரப்பிய எஞ்சினில் ஓர் இடம் வடியாமல் இருந்திருந்தால் அது வெளியே தெரியாமல் மறைந்துவிடும்.

ஒக்டோபர் 22

10ஆம் திகதி எழுதியதை ஒரு வாரத்துக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்து இப்போது மாற்றி எழுதுகிறேன். "மின்சாரம் நின்றது, எஞ்சின் வெடித்தது" என்று எழுதியிருந்தேன். பத்து ஆண்டுகளாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையின் பாதி. வெறுமையான எஞ்சினை மின்வெட்டு ஒன்றும் செய்யாது. உறைமழை வந்தபோது உள்ளே தண்ணீர் இருந்தது, அது இருந்ததற்குக் காரணம் நான்.

2013 ஒக்டோபரில் நான் அடைப்பான்களைக் கழற்றாமல் இல்லை. வலப்பக்கத்தைக் கழற்றியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது, வாளியில் பாதிக்கு மேல் நிறைந்தது. இடப்பக்கத்தில் விரல் தடிமனுக்கு ஒரு கணம் வந்து, பிறகு சொட்டு, பிறகு ஒன்றுமில்லை. இருட்டிக்கொண்டு வந்தது, கை விறைத்திருந்தது. இரண்டு பக்கமும் முன்னால் பம்பின் வழியாக இணைந்திருப்பதால் அந்தப் பக்கத்துத் தண்ணீரும் இந்தப் பக்கமாகவே வந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அடைப்பானைத் திரும்பப் போட்டேன். அதன் பிறகு ஆன்டிஃபிரீஸை டிரைவின் வழியாக உறிஞ்சக் கொடுத்து, இளஞ்சிவப்பு வெளியே வருவதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

2014 வசந்தத்தில் எஞ்சினைப் படகிலிருந்து தூக்கி வெளியே வைத்தபோது அதே இடப்பக்க அடைப்பானை மெக்கானிக் கழற்றினார். ஒரு துளி வரவில்லை. ஒரு தடித்த கம்பியைத் துளைக்குள் விட்டுக் குடைந்தார். முதலில் செங்காவி நிறச் சேறும் மணலும் உருண்டு வந்தன. அவற்றுக்குப் பின்னால், வெடிப்பின் மட்டத்துக்குக் கீழே எஞ்சியிருந்த தண்ணீர் வந்தது. அதில் இளஞ்சிவப்பு கொஞ்சமும் இல்லை, ஏரித் தண்ணீராகவே தெளிந்திருந்தது. அந்த நிறத்தை, அல்லது அந்த நிறமின்மையை, நான் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதைவிட உறைமழையைச் சொல்வது எளிதாக இருந்தது.

ஆகவே 7ஆம் திகதிக் குறிப்பில் நான் சொல்லாமல் விட்டதைச் சேர்க்கிறேன், இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பவர் இதைப் படிக்கட்டும். அடைப்பானைக் கழற்றியதும் தண்ணீர் வராவிட்டால் அந்த இடம் காலி என்று கொள்ளாதீர்கள். அடைபட்டிருக்கிறது என்றே கொள்ளுங்கள். கம்பியையோ மெல்லிய ஸ்க்ரூடிரைவரையோ விட்டுக் குடையுங்கள், வரும்வரை குடையுங்கள். வந்து நின்ற பிறகும் மறுபடி குடையுங்கள். ஒவ்வொரு துளையின் கீழும் தனித்தனி வாளி வையுங்கள். பிளாக்கின் இரு பக்கத்து வாளிகளையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் பாதியும் மற்றதில் கையளவும் இருந்தால் வேலை முடியவில்லை. மேனிஃபோல்டுகளுக்கும் அப்படியே.

ஒக்டோபர் 23

வடமராட்சியிலிருந்து ஒருவர், அங்கே எந்த மோட்டாருக்கும் இப்படி ஒன்றும் செய்வதில்லையே, படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்ட் மோட்டாருக்கும் இங்கே இது தேவையா என்று கேட்கிறார். ஊரில் நாங்கள் மோட்டாரை நன்னீரில் ஓடவிட்டுக் கழுவியது உப்புக்காக. உறைவு அங்கே ஒரு பகை அன்று. அவுட்போர்ட்டை நேராக நிறுத்தினால் தண்ணீர் தன் எடையிலேயே கீழிறங்கிவிடும், அதன் குளிர்விக்கும் பாதை அப்படி அமைந்தது. சாய்த்து வைத்தால் மட்டும் ஆபத்து. படகின் வயிற்றுக்குள் அமர்ந்திருக்கும் கார் எஞ்சின் வகைக்கு அந்த வசதி இல்லை.

மூடிய சுற்றுள்ள (பிளாக்குக்குள் ஏரித் தண்ணீர் போகாத) எஞ்சின் வைத்திருப்பவருக்கும் இங்கேயே பதில். உங்கள் பிளாக்கில் ஓடுவது கிளைக்கோல் கலவை. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கோல் கலவை சுமார் −37 பாகைவரை தாங்கும், அதை ஆண்டுதோறும் அளந்தால் போதும். ஆனால் அந்தக் கலவையைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கத்தில் ஓடுவது ஏரித் தண்ணீர்தான். அதன் அடியில் உள்ள அடைப்பானையும், பெரும்பாலான எஞ்சின்களில் மேனிஃபோல்டுகளையும் அவற்றின் மேல் உள்ள எல்போ என்ற வளைகுழாய்களையும் வடிக்க வேண்டும். "மூடிய சுற்று, எனக்குக் கவலையில்லை" என்று விட்டவர்கள் எக்ஸ்சேஞ்சரைப் புதிதாக வாங்கியிருக்கிறார்கள்.

நவம்பர் 5

தம்பி நேற்று வடித்துவிட்டு எழுதியிருக்கிறார். வலப்பக்கப் பிளாக்கில் நன்றாக வந்ததாம், இடப்பக்கத்திலும் வந்ததாம், இரண்டு வாளியும் ஏறத்தாழ ஒரே அளவு. இடப்பக்க மேனிஃபோல்டில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டபோது துருச் செதில் ஒன்று நகர்ந்து தண்ணீர் கொட்டியிருக்கிறது. முந்திய உரிமையாளர் அதை எத்தனை ஆண்டு தொடாமல் விட்டார் என்று யாருக்குத் தெரியும். அந்த மேனிஃபோல்டு இதுவரை வெடிக்காமல் இருப்பது, முன்பு யாரோ ஆன்டிஃபிரீஸை உறிஞ்சக் கொடுத்ததன் பயனாக இருக்கலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 6ஆம் திகதி நான் அந்த முறையை ஒரேயடியாகத் தள்ளினேன். மேனிஃபோல்டுகளுக்கு அது போய்ச் சேர்கிறது. பிளாக்கைத்தான் அது கைவிடுகிறது.

அடைப்பான்களைக் குளிர்காலத்தில் திரும்பப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். வெறுமையாக விடுவதானால் போடாதீர்கள். மேலே எங்கோ ஒட்டியிருந்த ஈரம் பிறகு இறங்கி வந்தாலும் வழி இருக்கும். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, எண்ணிக்கையைப் பையின் மேல் எழுதி, எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கட்டுங்கள். கழற்றிய ஹோஸ்களின் முனையில் நிறநாடா ஒட்டுங்கள். டிரைவின் கியர் எண்ணெயையும் இப்போதே வடித்துப் பாருங்கள். அது பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, அந்தத் தண்ணீரும் உறையும். டிரைவுக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் (பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) மாதக்கணக்கில் ஒரே நிலையில் மடிந்து நின்றால் அதன் இதழ்கள் அந்த வளைவிலேயே நின்றுவிடும்; இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் வசந்தத்தில் மாற்றிவிடுங்கள்.

ஏப்ரல் 21, 2024

பையில் ஆறு என்று எழுதியிருந்ததாம்: நான்கு அடைப்பான், இரண்டு கவ்வி. ஆறும் எஞ்சினில் ஏறிவிட்டன. எண்ணெய் அளவுகோல் குறியில் நிற்கிறது. இடப்பக்க மேனிஃபோல்டின் அடைப்பானில் ரப்பர் வளையம் நசுங்கியிருந்ததால் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார். கரையிலேயே குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டு, நான்கு இடத்திலும் விரலால் துடைத்துப் பார்த்திருக்கிறார், மூன்று உலர்ந்திருந்தன. ஸ்டார்ட்டருக்கு அருகில் உள்ளது மட்டும் மெல்லக் கசிந்தது, இன்னும் கால் சுற்று இறுக்கியதும் நின்றது.